கால், அரை, முக்கால்

பானெட்டைத் திறந்து என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். நம்பிக்கை வராமல் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். அதுவும் சூடு. எந்த வண்டியில் வேலை ஆரம்பிக்கும் முன்னாலும் என்ஜின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது என் பழக்கம். டைமிங் பெல்ட் மாற்றுவது என்றால் என்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் இந்த வேனில் தொட்டுப் பார்க்கவே அவசியம் இல்லை. இது ஓடுகிற வண்டியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டார்ட் செய்து, கொட்டகைக்குள்ளேயே கொஞ்ச நேரம் உறும விட்டு அணைத்துவிடுவேன். பேட்டரி செத்துவிடக் கூடாதே என்பதற்காக. இன்று வியாழக்கிழமை. பெல்ட் மாற்ற லீவு போட்டிருந்தேன். சாவி என் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. குளிக்கும்போதுகூட நான் அதைக் கழற்றுவதில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போகத்தான் நேரமாகும். அன்று கோபத்துக்கு முன்னால் பயம் வந்துவிட்டது.

"அண்ணே!" என்று கத்தினேன்.

அண்ணன் சமையலறையிலிருந்து வந்தான். தோளில் கைத்துண்டு, கையில் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு. என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பார். நான் ரெண்டு தெரு தள்ளி ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அதனால் வீட்டையும் என் மகளையும் அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறான். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் பாப்பா.

"என்னம்மா, வீடு பத்திக்கிச்சா?"

"வண்டி பத்திக்கிச்சு. வந்து தொட்டுப் பாரு."

அவன் தொடவில்லை. கொட்டகை வாசலிலேயே நின்றான். "நீ சாமான் வாங்கிட்டு மத்தியானம்தான் வருவேன்னு நினைச்சேன்" என்றான்.

"நான் கேட்டது அது இல்ல. இது ஏன் சுடுது?"

"வெயில்ல சூடாகியிருக்கும்."

"கொட்டகைக்குள்ள எந்தச் சூரியன் வந்து உக்காந்துச்சு? என் காதுல பூ சுத்தாதே."

உருளைக்கிழங்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. ஆரம்பிப்பான், அடுத்த வரிக்கு வழி தெரியாமல் நின்றுவிடுவான்.

இந்தத் தெருவில் அவனுக்கு டிரைவர் என்றுதான் பெயர். சின்ன வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கை. இந்த வேனை வாங்கியதும் அவன்தான். இதில் ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பகல் நேரம், நேர் ரோடு, வண்டி தானாக ஓரம் கட்டிப் போய் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் மோதியது. ஓடிப்போய்ப் பார்த்தவர்கள், இவன் சீட்டில் கிடந்து கை கால் இழுத்து வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தான் என்றார்கள். வலிப்பு. அதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்து அவனுக்கு அது வந்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சுவர் நின்றது, பிள்ளைகள் பிழைத்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொன்னார். அண்ணனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். அன்றைக்கு என் கழுத்தில் ஏறிய சாவி அது.

"எப்படி ஸ்டார்ட் பண்ணே? சாவி இங்க இருக்கு" என்று கயிற்றை இழுத்துக் காட்டினேன்.

சட்டைப் பையிலிருந்து பீரோ சாவியை எடுத்தான்.

"பூட்டு தேஞ்சுபோச்சும்மா. எந்தச் சாவியைப் போட்டாலும் சுத்தும்."

என்னிடமிருந்த சாவியை விட்டுவிட்டு அதை வாங்கி, டிரைவர் கதவைத் திறந்து, உள்ளே போட்டுத் திருகினேன். டேஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஒரு தடங்கல் இல்லை. எண்ணெய் போட்ட மாதிரி சுற்றியது.

ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் நான் மெக்கானிக். தூரத்தில் ஒரு வண்டி வரும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுவேன் என்று ஒர்க்‌ஷாப்பில் பீற்றிக்கொள்வேன். சொந்தக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் பூட்டு தேய்ந்தது தெரியாமல், தாலி மாதிரி ஒரு சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இதைவிட ஒரு முட்டாள்தனம் உண்டா?

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"சும்மா ஒரு சுத்து. கடை வரைக்கும்."

"எவ்ளோ நாளான்னு கேட்டேன்."

"பள்ளிக்கூடம் திறந்ததுல இருந்து" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடைக்குப் போவதற்கும் பள்ளிக்கூடம் திறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு மாதங்களா என்பதில்தான் புத்தி போய் நின்றது. நான் காலையில் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவேன். தெருவே பார்த்திருக்கும். எனக்குத் தெரிந்துதான் ஓட்டுகிறான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒரு ஆளாவது வாயைத் திறக்கவில்லையே என்று ஊர் மேல் எல்லாம் கோபம் வந்தது.

"செத்துப்போகணும்னு ஆசையா இருந்தா சொல்லு, வீட்டுலயே ஏதாவது வழி பண்றேன். ரோட்டுல போறவன் என்ன பாவம் பண்ணான்? மறுபடியும் ஒரு சுவர் கிடைக்கும்னு நினைச்சியா?" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எழுதக்கூடியது இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. காது இங்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "உருளைக்கிழங்கு கறுத்துப்போகுது, தண்ணியில போட்டுட்டு வரேன்" என்று அண்ணன் உள்ளே போனான்.

என்ஜின் ஆறும் வரை காத்திருந்தேன். வேலையைத் தள்ளிப் போடவும் மனசில்லை. கோபம் வந்தால் எனக்குக் கையில் ஸ்பேனர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் உடையும். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ரேடியேட்டரில் இருந்த கூலன்ட் தண்ணீரைப் பழைய வாளியில் வடித்தேன். வெளி பெல்ட்டையும் முன்புறப் பெரிய புல்லியையும் கழற்றினேன். அந்தப் புல்லி போல்ட் கழல மாட்டேன் என்று அடம் பிடித்தது. நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகி, ஏறி நின்று மிதித்தேன். அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு மிதித்ததில் ஒரே மிதியில் கழன்றது.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன்.

டைமிங் பெல்ட் என்பது உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. கீழே பிஸ்டனோடு சுற்றும் கிராங்க் புல்லி, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் புல்லி, ரெண்டையும் கோத்து ஒரே தாளத்தில் சுற்ற வைக்கிறது. இந்த மாதிரி என்ஜினில் அது அறுந்தால் மேலே வால்வு திறந்தபடி நிற்கும், கீழேயிருந்து பிஸ்டன் வந்து இடிக்கும். ஓடுகிற வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிரேக் கட்டையாகும், ஸ்டியரிங் கல்லாகும்.

நான் பார்த்த பெல்ட்டில் ஒரு பக்கம் வரிசையாகப் பல்லைக் காணோம். ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. கேம் ஆயில் சீல் ஒழுகி எண்ணெயில் ஊறி, ரப்பர் வெந்த காய் மாதிரி நசுங்கியது. நகத்தால் கீறினேன், ஒரு பல் கழன்று என் உள்ளங்கையிலேயே விழுந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையை விரலால் சுற்றிப் பார்த்தேன். உள்ளே மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி கரகரத்தது. இன்று காலையில் இது ரோட்டில் ஓடியிருக்கிறது. நாளைக்கு ஓடியிருக்காது. மயிரிழை என்பார்களே, நான் அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் திடீரென்று இன்னொன்று உறைத்தது. போன வாரம் அண்ணன்தான் சொன்னான், "வண்டியில ஒரு சத்தம் வருது, பெல்ட்டை மாத்திடும்மா" என்று. நான் ஞாயிற்றுக்கிழமை ஓட விடும்போது கேட்ட சத்தத்தைச் சொல்கிறான் என்று நினைத்துத்தான் லீவு போட்டேன். கொட்டகையில் நின்று உறுமும்போது இந்தச் சத்தம் வராது. பாரம் இழுத்து மேடு ஏறும்போதுதான் வரும்.

மேடு பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது.

கையிலிருந்த டார்ச்சைப் போட்டுவிட்டு வண்டியின் மறுபக்கம் ஓடினேன். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டுக் கதவைத் திறந்தேன். சீட்டில் எங்கள் வீட்டுத் தலையணை. மாதக் கணக்கில் நான் தேடிக்கொண்டிருக்கும் பூப்போட்ட தலையணை. சீட் பெல்ட்டை மேலே ஏற விடாமல் துணி காயப்போடும் கிளிப்பால் இறுக்கி வைத்திருந்தது. பெரியவர்களுக்கு அந்த அளவு காணாது. ஒரு சின்ன உடம்புக்குச் சரியாக இருக்கும்.

கதவைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவையா?" என்றேன். மறுபடி கேட்டேன். "பாப்பாவையா இதுல வெச்சு ஓட்டினே?"

அண்ணன் பின்னாலேயே நின்றிருந்தான்.

"அந்தப் பையோட கனம் உனக்குத் தெரியுமாம்மா? ஒரு நாள் தூக்கிப் பாரு. மேட்டுல நடந்து நடந்து கால் வலிக்குதுன்னு அழுதா. நான் என்ன பண்ணட்டும்?"

இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியை உருவி அவனை அடித்தேன். முகத்தில், தோளில், எங்கே பட்டது என்றே தெரியாது. என்னைவிட பத்து வயது மூத்தவன், என்னைத் தூக்கி வளர்த்தவன். தடுக்காமல் வாங்கிக்கொண்டான். கன்னத்தில் கறுப்பாக எண்ணெய் வழிந்தது.

"பெத்தவ நான்! எனக்குத் தெரியாம என் பிள்ளையை... பாவி, உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்!"

"என் பாப்பா இல்லையா அவ?" என்றான். "ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவை வந்துச்சா? ஒரு மாத்திரை தவறவிட்டிருக்கேனா? ஒரு சின்ன கிறுகிறுப்பு வந்திருந்தாக்கூட நான் அவளை ஏத்தியிருப்பேனா? நான் சரியாயிட்டேம்மா. சத்தியமா எனக்கு ஒண்ணும் இல்ல. பெல்ட்டு சத்தம் வந்ததும் நானே வந்து சொன்னேன் பாரு. பயந்துதான் சொன்னேன், நீ கண்டுபிடிச்சிடுவேன்னு தெரிஞ்சே சொன்னேன். பாப்பா உக்கார்ற வண்டி ஆச்சே."

பொய் சொல்லத் தெரியாதவன் என்றேனே. அவன் முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னை மேலே பேச விடாமல் செய்தது. ரெண்டு வருஷமாக நானும் பார்க்கத்தான் செய்கிறேன். கீழே விழவில்லை, நுரை தள்ளவில்லை. மாத்திரை கேட்டிருக்கிறது என்று போன தடவை டாக்டரே சொன்னார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுகூட ஒரு வார்த்தை சொன்னார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான்தான் அதிகமாகக் குதிக்கிறேனோ என்று மனசு அவன் பக்கம் சாய்ந்தது.

"முகத்தைக் கழுவிட்டு வா. சாயங்காலம் பேசிக்கலாம்" என்றேன். தையல்கார அக்காவுக்கு வேலியருகே போய்க் குரல் கொடுத்து, அவள் பையனைக் கூப்பிடப் போகும்போது பாப்பாவையும் கூட்டிவரச் சொன்னேன். "சரி சரி, நீ கத்தாம இரு, உனக்கும் வலிப்பு வந்துடப்போகுது" என்றாள். அந்த அளவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறாள்.

புது வாட்டர் பம்ப் ஏற்றினேன். ஒழுகின ஆயில் சீலை நெம்பி எடுத்துவிட்டுப் புதுசை வட்டமாகத் தட்டி உட்காரவைத்தேன். டென்ஷனர், பக்கத்து உருளை, எல்லாம் புதுசு. மேல் புல்லியின் கோடும் கீழ்ப் புல்லியின் கோடும் அதனதன் குறிக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து, புது பெல்ட்டைக் கீழிருந்து தொய்வில்லாமல் ஏற்றி டென்ஷனரை விட்டேன். வேலை செய்கிற வரை நெஞ்சு கொஞ்சம் அடங்கியிருந்தது.

இனி இருப்பது ஒரு வேலை. சாவி போடுவதற்கு முன்னால் கையால் என்ஜினை ரெண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். தடுக்கிற மாதிரி இருந்தால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் வால்வு வளைந்து போய்விடும். நான் இதைத் தனியாகச் செய்ய மாட்டேன். ஒருத்தர் கீழே ஸ்பேனரால் சுற்ற வேண்டும், ஒருத்தர் மேலே குறியைப் பார்க்க வேண்டும். சுற்றுகிறவர் வாய்விட்டு எண்ண வேண்டும், கால், அரை, முக்கால், முழுசு என்று. கண் குறியில் இருக்கும்போது காதுக்கு அந்த எண்ணிக்கை வேண்டும். இந்த வண்டிக்குப் போன தடவை பெல்ட் மாற்றியபோதும் அண்ணன்தான் சுற்றினான்.

"வா, சுத்து" என்றேன். அன்றைக்கு அவனிடம் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து கீழ் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். நான் மேல் புல்லியின் மேல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குறியில் கண்ணை வைத்தேன்.

"கால்" என்றான். புல்லி மெதுவாக அசைந்தது. "அரை... முக்கால்... முழுசு."

"மெதுவா. இன்னொண்ணு."

"கால்... அரை..."

புல்லி நின்றது.

வால்வு முட்டுகிறது! "அழுத்தாதே! விடு, விடு, அழுத்தாதேண்ணே!" என்று கத்தினேன். பல் தள்ளி மாட்டிவிட்டேனா? குறியெல்லாம் சரியாகத்தானே இருந்தது? "கட்டையா இருக்கா? எந்த இடத்துல பிடிக்குது?"

பதில் இல்லை.

"அண்ணே, கேக்கறேன்ல?"

நிமிர்ந்து பார்த்தேன். ஸ்பேனரைப் பிடித்தபடி குனிந்து நின்றிருந்தான். கை பிடியிலேயே இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி லேசாக அசைந்துகொண்டிருந்தது. விழவில்லை, இழுக்கவில்லை, நுரை இல்லை. டார்ச்சை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். இமைக்கவில்லை.

"அண்ணே" என்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவில் ஒரு குப்பை லாரி வந்து, நின்று, தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனது. அவ்வளவு நேரம். பிறகு ஒரு தடவை எச்சில் விழுங்கினான். ஸ்பேனர் அசைந்தது.

"முக்கால்... முழுசு" என்றான். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வெண்ணெய் மாதிரி சுத்துதும்மா. குறி சரியா வந்துச்சா?"

குறி அச்சுப் பிசகாமல் வந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அப்போது நான் குறியைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் நிறுத்தினே?"

"எங்க நிறுத்தினேன்?"

"அரைன்னு சொல்லிட்டு."

"அரை, முக்கால், முழுசு. நேராத்தானே சுத்தினேன்." என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு குறைந்தது. "என்னம்மா?"

"குப்பை லாரி வந்துச்சே, கேட்டுச்சா?"

"இன்னைக்குக் குப்பை லாரி வரலையே" என்றான்.

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "எந்த மகாராணியை நினைச்சுட்டு நிக்கறே?" என்று கேலி செய்திருக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவன் சத்தியம் செய்தது அத்தனையும் உண்மை. அவனுக்குத் தெரிந்த வரையில் ரெண்டு வருஷமாக அவனுக்கு ஒன்றுமே வரவில்லை. போனது தெரிந்தால்தானே திரும்பி வந்ததும் தெரியும்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நீ இப்ப போயிட்டு வந்தே அண்ணே" என்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படித்தான் வந்தது. "கண்ணைத் திறந்துட்டே இருந்தே. ஆனா நீ இல்ல."

"சும்மா பயமுறுத்தாதே. என்னை ஓட்ட விடக்கூடாதுன்னு கதை கட்டறியா?" என்றான். அதுவரை அடங்கிப் பேசியவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அடிச்சே, வாங்கிக்கிட்டேன். திட்டினே, கேட்டுக்கிட்டேன். இல்லாத நோயை இருக்குன்னு சொல்லாதே."

அப்போது வெளிக்கதவு திறந்தது. தையல்கார அக்கா வாசலிலேயே பாப்பாவை விட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்ததும் நழுவிவிட்டாள். பாப்பா முதுகில் பையோடு கொட்டகைக்குள் வந்தாள். வண்டியின் வயிற்றைக் கிழித்துப் போட்டிருப்பதைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருக்கும் என்னையும், கன்னத்தில் எண்ணெயோடு நிற்கும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா போயிட்டு வந்தாரா?" என்று கேட்டாள்.

நான் சொன்ன அதே வார்த்தை. நான் சொல்லும்போது அவள் இங்கே இல்லை.

"எங்க போயிட்டு?" என்றான் அண்ணன்.

"எங்கேயும் இல்ல மாமா. இங்கேயேதான் இருப்பீங்க. கூப்பிட்டா பேச மாட்டீங்க. அப்புறம் வந்துடுவீங்க." பையைக் கழற்றி வைத்தாள். அதிசயம் எதையும் சொல்கிற பாவனை அவளிடம் இல்லை. மழை வரும், நிற்கும் என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடித்து அருகில் இழுத்தேன். கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "வண்டியிலயும் போவாராடா?"

மாமாவைப் பார்த்தாள். இதைச் சொல்லலாமா என்று அவனிடம் கண்ணாலேயே கேட்டாள். சொல்லு என்று அவன் தலையை ஆட்டினான்.

"சிக்னல்லதான்மா. பச்சை விழுந்ததும் பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிப்பாங்க. ரொம்பக் கெட்ட வார்த்தையில திட்டுவாங்க. நான் கண்ணாடியை ஏத்திடுவேன்."

"ஓடும்போது?"

"ஒரே ஒரு தடவைதான். மேட்டுல இருந்து இறங்கும்போது."

"பாப்பா..." அண்ணன் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். "மாமா ஸ்டியரிங்கை விட்டுட்டேனா?"

"இல்ல மாமா. பிடிச்சுட்டுதான் இருந்தீங்க. ரோடு வளைஞ்சுது, நீங்க வளைக்கல. அதான் நான் வளைச்சேன்."

எட்டு வயது. தலையணை போட்டு உட்கார வைத்தால்தான் கண்ணாடி வழியாக ரோடு தெரியும். பக்கத்துச் சீட்டிலிருந்து அந்தக் கையை எட்டி நீட்டியிருக்கிறாள். நான் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் பென்சில் கறை இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சொன்னா நீ கத்துவே. அப்புறம் மாமா அழுவாரு."

அண்ணன் ரெண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்ததில் எண்ணெய் முகம் முழுக்கப் பரவியது. அவன் இப்போது நம்பிவிட்டான் என்பது தெரிந்தது. நான் சொன்னபோது நம்பாதவன், அவள் சொன்னதும் நம்பிவிட்டான். அவன் உடம்பைப் பற்றி அவனுக்கே தெரியாததை அந்தக் குழந்தை தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"இனிமே மாமா வண்டியைத் தொடவே மாட்டேன்டா கண்ணு. சத்தியம். நாளையில இருந்து பழையபடி நாம ரெண்டு பேரும் நடந்தே போகலாம். பையை மாமா தூக்கிக்கறேன். சரியா?"

பாப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. யோசித்தாள். அவன் கன்னத்து எண்ணெயைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள்.

"ரோடு தாண்டும்போது போயிட்டீங்கன்னா?" என்றாள். "நான் இழுத்தா நீங்க வர மாட்டீங்க மாமா. ரொம்ப கனமா இருக்கீங்க. இழுத்துப் பார்த்திருக்கேன்."

எந்த ரோட்டில் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.